“அப்ப என்ர அப்பு குரங்கோ?” – மனிதத் தோற்றம் பற்றிக் கதைத்த கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதம் ஒருமுறை விஞ்ஞானக் கூட்டம் வைக்கிறோம். கிரகணம், நுளம்பு, கிணற்று நீர் என்று எதைப் பற்றிக் கதைத்தாலும் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், தேத்தண்ணீர் குடிப்பார்கள், எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மனிதனின் தோற்றம் பற்றிப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் கதைத்த இரண்டு கூட்டங்கள் மட்டும் அப்படி முடியவில்லை. கதிரை போதாமல் பக்கத்து வீட்டு வாங்கு வந்தது. இரண்டாம் கூட்டத்தில் சத்தம் கேட்டு ஒழுங்கையில் போனவர்களும் நின்றார்கள்.

கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். சிலவற்றுக்கு அன்றைக்கே பதில் கிடைத்தது, சில சத்தத்தில் அமுங்கிவிட்டன. ஆறுதலாக இங்கே எழுதுகிறேன். நான் ஆராய்ச்சியாளர் இல்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

“பிள்ளை, அப்ப என்ர அப்பு குரங்கோ?”

கேட்டவர் எண்பது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர். திரையில் மனிதனையும் சிம்பன்சியையும் ஒரே கிளையில் காட்டும் படம் வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டார். கோபித்துப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கூட்டம் முடிந்து படலையடிக்கு வந்தால், சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். ஆட்களுக்கு முன்னால் கேட்க விரும்பாமல் இந்தக் கேள்விக்காகவே ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறார்.

இல்லை ஐயா. உங்கள் ஒன்றுவிட்ட அண்ணையிலிருந்து நீங்கள் பிறக்கவில்லை. இரண்டு பேருக்கும் அப்பப்பா ஒருவர், அவ்வளவுதான். சிம்பன்சி எங்களுக்கு அந்த முறை. ஆனால் அந்த அப்பப்பா வாழ்ந்தது ஏறக்குறைய 60 – 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அவர் மனிதனும் இல்லை, இன்றைய சிம்பன்சியும் இல்லை.

இதற்கு எலும்பு மட்டும் சாட்சி இல்லை. சிம்பன்சிக்கு 48 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), எங்களுக்கு 46. ஒரு சோடி எங்கே போனது? எங்கள் இரண்டாம் நிறமூர்த்தத்தைப் பார்த்தால் விடை கிடக்கிறது. சாதாரணமாக நிறமூர்த்தத்தின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய தொடர் இதில் நடுவிலும் இருக்கிறது. இரண்டு கயிற்றை முடிந்தால் முடிச்சு நடுவில் தெரியும் அல்லவா, அதுபோல. படிப்பித்த காலம் முழுக்க, பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற இடம் இதுதான்.

அப்படியென்றால் இப்போதுள்ள குரங்குகள் ஏன் மனிதனாக மாறவில்லை?

மாற வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஏணி இருக்கிறது: கீழே புழு, நடுவில் குரங்கு, உச்சியில் நாங்கள். பழி கொஞ்சம் எங்கள் பாடப்புத்தகச் சொல்லுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் ‘பரிணாமம்’ என்பதை இலங்கையில் ‘கூர்ப்பு’ என்று படிக்கிறோம். தொல்காப்பிய உரியியலில் ‘கூர்ப்பு’ என்றால் உள்ளது சிறத்தல். அழகான சொல்தான், ஆனால் எல்லா உயிரும் திறமாகிக்கொண்டே போகிறது என்ற நினைப்பை அது தலைக்குள் போட்டுவிடுகிறது. மனிதனின் குடற்புழு தன் சமிபாட்டுத் தொகுதியையே இழந்துதான் பிழைக்கிறது, நாடாப்புழுவைச் சொல்கிறேன். அதுவும் கூர்ப்புத்தான்.

அது வெறும் ‘கொள்கை’தானே?

மறுபடியும் சொல்லால் வந்த வினை. கட்சிக்கும் கொள்கை, டார்வினுக்கும் கொள்கை என்றால் சனம் இரண்டையும் ஒரே தராசில்தான் வைக்கும். விஞ்ஞானத்தில் கொள்கை என்பது நிறைய அவதானங்களைக் கட்டி நிறுத்தும் விளக்கம். நோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் கொள்கைதான். அதை நம்பித்தான் கையைக் கழுவுகிறோம்.

மாணிக்கவாசகர் இதை எப்போதோ சொல்லிவிட்டாரே?

இரண்டு கூட்டத்திலும் கேட்கப்பட்டது, இரண்டு தரமும் கைதட்டல் கிடைத்தது. “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி” என்ற அடி எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மனப்பாடம். நானும் வெள்ளிக்கிழமைகளில் சிவபுராணம் சொல்லுகிறவள்தான். அதனால்தான் சொல்கிறேன், தொடர்ந்து சொல்லிப் பாருங்கள்: “பல்விருகமாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்.” பாம்புக்கும் மனிதருக்கும் நடுவில் கல் இருக்கிறது. மனிதருக்குப் பிறகு பேய் வருகிறது. இதைக் கூர்ப்பு வரிசை என்று எடுத்தால் பேய் எங்களை விடக் கூர்ப்படைந்தது என்று சொல்ல வேண்டி வரும்.

அவர் பாடியது ஓர் உயிர் பிறவி பிறவியாக அலைந்து இளைத்த கதை. கூர்ப்பு சொல்வது ஒரு கூட்டத்து உயிரினம் தலைமுறை தலைமுறையாக மாறும் கதை. இரண்டையும் கலந்தால் திருவாசகமும் கெடும், உயிரியலும் கெடும். ஆனால் இந்தக் கைதட்டலை நான் குறைவாக நினைக்கவில்லை. எதிர்ப்பதற்குப் பதிலாக “எங்களுடையதுதான்” என்று சொந்தம் கொண்டாடுவது எங்கள் சைவ வீடுகளின் வழமை. குரங்குக்காகச் சண்டை வராததற்கு இதுவும் ஒரு காரணம். கத்தோலிக்கத் திருச்சபையும் மனித உடலின் தோற்றம் பற்றி ஆராய்வதைத் தடுக்கவில்லை. 1950-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதற்கு இடம் விட்டார், 1996-இல் இரண்டாம் யோவான் பவுல் இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று விவிலியம் சொல்வதை எழுத்துக்கு எழுத்து எடுக்கும் சபைகளில் இருந்து வந்தவர்கள்தான் கூட்டத்தில் நேரடியாக மறுத்தார்கள். மரியாதையாகவே மறுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கிறது. என்ன சொல்வது?

சோதனையில் படித்ததை எழுதச் சொல்லுங்கள். கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்டதற்கு மட்டும் ஏசாதீர்கள்.

ஆதிமனிதன் தோன்றியது குமரிக்கண்டத்தில் அல்லவா?

இதைக் கேட்டவர் வளர்ந்த ஆள், நிறைய வாசித்தவர், கையில் வரைபடமும் கொண்டுவந்தார். அந்த வரைபடத்தின் கதை எங்கே தொடங்குகிறது என்றால், ஒரு சின்னப் பிராணியில். லெமூர் இனங்கள் மடகாஸ்கரில் இருக்கின்றன, அவற்றின் உறவுகள் இந்தியாவிலும் இருக்கின்றன, நடுவில் கடல். எப்படிக் கடந்தன? 1864-இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ‘நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும்’ என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். ஜெர்மானியரான ஹெக்கெல் மனித இனத்தின் தொட்டிலும் அதுவாக இருக்கலாம் என்றார். அந்த விஞ்ஞான ஊகம் தமிழுக்கு வந்து, சங்க நூல் உரைகள் சொல்லும் கடல்கோளோடு சேர்ந்து, எங்கள் குமரிக்கண்டமாக வளர்ந்தது. பிறகு கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டதும், மூழ்கிய கண்டம் ஒன்று விஞ்ஞானத்துக்குத் தேவைப்படவில்லை. விஞ்ஞானிகள் கைவிட்டதை நாங்கள் கைவிடவில்லை.

கடல் நிலத்தை விழுங்கியது பொய்யா? இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதை விட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். அன்றைக்கு அது தரை. பருத்தித்துறையில் இருந்து வேதாரணியத்துக்குக் கால்நடையாகப் போகலாம். இது கண்டம் இல்லை, கரை. ஆனால் எனக்கு அந்தக் கரையே போதும்.

மனிதன்? கிடைத்திருக்கும் மிகப் பழைய ஹோமோ சேப்பியன்ஸ் எலும்புகள் மொரோக்கோவின் ஜெபெல் இர்கூட்டைச் சேர்ந்தவை. 2017-இல் வெளியான கணிப்பில் ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள். “அப்ப நாங்கள் எல்லோரும் ஆபிரிக்கரா?” என்று ஒருவர் கேட்டபோது மண்டபம் குரங்குக்குச் சிரித்த மாதிரிச் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. நிறத்தைப் பற்றி எங்கள் வீடுகளில் கதைக்கிற கதைகள், கல்யாண விளம்பரங்கள் எல்லாம் அந்த அமைதிக்குள் இருந்தன.

சரி, இலங்கைக்கு யார் முதலில் வந்தார்கள்? நாங்களா, அவர்களா?

முதல் கூட்டத்தில் சத்தம் போட வைத்த கேள்வி. விரிவுரையாளர் 3 லட்சம் ஆண்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சபை தமிழர் – சிங்களவர் கதையின் 2,500 ஆண்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

களுத்துறை மாவட்டத்தில் பாகியன்கல என்ற குகை இருக்கிறது. அங்கே மனிதர் வாழ்ந்த தடயங்கள் 48,000 ஆண்டுகள் வரை பின்னால் போகின்றன. எலும்பில் செய்த அம்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. 2020-இல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் விரும்பி வேட்டையாடியது எதை என்று நினைக்கிறீர்கள்? குரங்கும் அணிலும். குரங்கிலிருந்து வந்தோமா என்று நாங்கள் முகம் சுளிக்க, இத்தீவின் பழைய குடிகள் குரங்கைச் சாப்பிட்டு அதன் எலும்பில் கருவி செய்திருக்கிறார்கள்.

அவர்கள் தமிழரும் இல்லை, சிங்களவரும் இல்லை. அந்த இரண்டு மொழியும் அப்போது உலகத்திலேயே இல்லை. மொழி எலும்பில் எழுதப்படுவதும் இல்லை.

உடனே பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி “அப்ப ஆனைக்கோட்டை முத்திரை?” என்று எழும்பினான். நியாயமான கேள்வி. 1980-களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் தோண்டியபோது ஒரு ஈமப் புதைகுழியில் கிடைத்தது அது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. ‘கோவேத’ என்று வாசிக்கிறார்கள். எழுத்து இருப்பதால் அது மொழியைப் பற்றிச் சாட்சி சொல்லும். கந்தரோடை என்ற தொல்லியல் இடமும் அப்படித்தான் எங்கள் குடாநாட்டின் பழமைக்குச் சாட்சி. ஆனால் இரண்டும் சில நூற்றாண்டுகள் கி.மு. என்ற அளவில் நிற்பவை. பாகியன்கலக் குகைக்காரருக்கும் அந்த முத்திரையை அணிந்தவருக்கும் நடுவில் நாற்பதாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. முத்திரையை வைத்துக் குகைக்கு உரிமை கேட்க முடியாது. குகையை வைத்து முத்திரையை மறைக்கவும் முடியாது.

மரபணுவைக் கேட்டால் அது இரண்டு பக்கத்தையும் ஏமாற்றும். சிங்களவரைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வு, அவர்களுக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடையில் நெடுங்காலமாக நிறையக் கலப்பு நடந்திருக்கிறது என்றே காட்டியது. இதைச் சொன்னதும் ஒருவர் “இதைத் தெற்கில் போய்ச் சொல்லுங்கோ” என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சொன்னது பகிடி இல்லை. ‘தொல்லியல்’ என்று பலகை நட்டால் அந்தக் காணிக்கு இனி என்ன நடக்குமோ என்று பயப்படும் சனத்திடம், “யார் முதலில் என்பது விஞ்ஞானத்தில் அர்த்தமில்லாத கேள்வி” என்று மட்டும் சொல்லிவிட்டு மினிபஸ் ஏறிவிட முடியாது. இங்கே வாழும் உரிமை, முதலில் வந்தவருக்கு மட்டும் உரியதல்ல என்பது அரசியல் வாதம். அதை ஆய்வுக்கூடத்தில் இருந்து எதிர்பார்க்கக் கூடாது, நாங்களேதான் வைக்க வேண்டும்.

ரொறன்ரோவில் மகன் பூர்வீகம் அறிய எச்சில் அனுப்பி மரபணுவைச் சோதித்தான். அதில் ஏன் யாழ்ப்பாணம் இல்லை?

ஒரு அம்மா கைத்தொலைபேசியை நீட்டி வட்டப்படத்தைக் காட்டினார். முழு வட்டமும் ஒரே நிறம்: தென்னிந்தியா, இலங்கை. ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்று வேறு நிறத்தில். “ரீச்சர், இந்தக் கீற்று ஆர்?” என்று கேட்டார்.

அந்தச் சதவீதம் உங்கள் இரத்தத்தில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னது அல்ல. அந்தக் கொம்பனியிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு, யாரைப் போல இருக்கிறீர்கள் என்று சொன்னது. மாதிரி இல்லாத ஊர் வட்டத்தில் வராது. ‘ஆயிரம் மரபணுத்தொகுதிகள்’ என்ற பொதுத் திட்டத்தில் இலங்கைத் தமிழர் நூறு பேரளவில் இருக்கிறார்கள். அந்த மாதிரிகள் எடுக்கப்பட்டது யாழ்ப்பாணத்தில் அல்ல, பிரித்தானியாவில். மெல்லிய கீற்றைப் பற்றிக் குடும்பத்தில் கதை கட்ட வேண்டாம். கொம்பனி மாதிரிகளைப் புதுப்பித்தால் அடுத்த வருடம் அது காணாமலும் போகலாம்.

சோதித்தால் சாதி தெரியுமா?

இதை மேடையைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் தனித்தனியாக, மூன்று மூலையில், குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். ஒருவர் ‘தெரிய வேண்டும்’ என்ற ஆசையில் கேட்டார். ஒருவர் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில். மூன்றாமவர் ஏன் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

யார் யாருக்குள் கட்டினார்கள் என்பது மரபணுவில் தெரியும். இந்தியத் துணைக்கண்டத்து மக்களைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வு ஒன்று, ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பல கூட்டத்தாரும் தாராளமாகக் கலந்தார்கள், அதன் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது என்றது. அதாவது சாதி ஆதியில் இருந்து வரவில்லை. கலந்தவர்கள் பிறகு பிரிந்து உட்கார்ந்தார்கள். பல தலைமுறை உள்ளுக்குள்ளேயே கட்டினால் சில பரம்பரை நோய்கள் கூடும் என்பதும் தெரியும். மேல், கீழ் என்பதற்கு மட்டும் அங்கே எந்த மரபணுவும் இல்லை. கிணற்றில் அள்ள விடாததும் கோயிலுக்குள் விடாததும் ஆட்கள் செய்தவை. அதற்கு நிறமூர்த்தத்தில் சாட்டுத் தேட வேண்டாம்.

விஞ்ஞானிகள் சமூகத்தைப் பற்றிக் கதைத்தால் வெளிநாட்டிலும் இப்படிச் சண்டை வருமா?

இதைவிட மோசமாக வரும். எட்வர்ட் வில்சன் எறும்பு ஆராய்ச்சியாளர். 1975-இல் விலங்குகளின் சமூக நடத்தை பற்றி 27 அதிகாரங்களில் பெரிய புத்தகம் எழுதினார். இருபத்தாறோடு நிறுத்தியிருந்தால் பாராட்டு மட்டும் கிடைத்திருக்கும். கடைசி அதிகாரம் மனிதனைப் பற்றியது. 1978-இல் வாஷிங்டனில் ஒரு மாநாட்டு மேடையில், காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவரின் தலையில் எதிர்ப்பாளர்கள் தண்ணீரை ஊற்றினார்கள். மரபணு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று அவர் எழுதவில்லை. அந்தத் தண்ணீர் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஜேம்ஸ் வாட்சனின் கதை வேறு. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்ட இருவரில் ஒருவர். நோபல் பரிசு பெற்றவர். 2007-இல் கறுப்பினத்தவரின் புத்திக்கூர்மை குறைவு என்ற கருத்தில் பேசினார், பதவி போனது. 2019-இல் அதையே திரும்பச் சொன்னதும் மிச்சமிருந்த கௌரவப் பட்டங்களும் போயின. ஒரு மூலக்கூற்றின் வடிவத்தைக் கண்டவர் சமூகத்தைப் பற்றிச் சொல்வதும் சரியாக இருக்கும் என்று நம்பத் தேவையில்லை.

சனத்தின் சந்தேகத்துக்குப் பழைய காரணங்களும் உண்டு. 1912-இல் இங்கிலாந்தில் ‘கண்டெடுத்த’ பில்ட்டவுன் மனிதன் மோசடி என்று வெளிப்பட 1953 ஆனது. மனித மண்டையோட்டில் மனிதக் குரங்கின் தாடையைப் பொருத்தி வைத்திருந்தார்கள். எங்கள் தீவுக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சரசின் என்ற சுவிஸ் ஆராய்ச்சியாளர் இருவர் வந்து, இத்தீவின் பழங்குடிகளான வேடரின் மண்டையோடுகளைச் சேகரித்து அளந்து தங்கள் நாட்டின் பாசல் நகருக்குக் கொண்டுபோனார்கள். அளக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அளவுநாடாவைக் கண்டால் ஒதுங்கினால் அதைப் படிப்பறிவின்மை என்று சொல்லாதீர்கள்.

ஆண் வேட்டை, பெண் அடுப்பு – இது இயற்கைதானே?

பெருவில் 9,000 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றில் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தவர் பெண் என்று 2020-இல் அறிவித்தார்கள். விரிவுரையாளர் இதைச் சொன்னபோது பின் வாங்கில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டவர் அதற்குப் பிறகு தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்து வைக்க உதவினார்.

யாழ்ப்பாணத்தில் இப்படி விஞ்ஞானத்தோடு மோதுவது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 1829-இல் வட்டுக்கோட்டையில் சந்திர கிரகணம் பற்றிப் பெரிய பிணக்கு. அமெரிக்க மிஷன் செமினரியின் டானியல் பூவர், உள்ளூர்ப் பஞ்சாங்கம் சொன்ன கிரகணக் கணிப்பில் பிழை இருக்கிறது என்றார். இரண்டு பக்கமும் தங்கள் கணக்கை வைத்துக் காத்திருந்தன. அன்றிரவு சந்திரன் பூவர் பக்கம் நின்றது. பஞ்சாங்கம் ஒழிந்ததா? என் வீட்டுச் சுவரில் இப்போதும் தொங்குகிறது, இராகு காலமும் பார்க்கிறேன்.

அது வசதியான சண்டை. ஒரு இரவு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் முடிந்தது. 60 லட்சம் ஆண்டுக் கதையை அப்படி முற்றத்தில் காட்ட முடியாது.

அந்த ஐயா பிறகு வந்தாரா?

வந்தார். இரண்டாம் கூட்டத்துக்கு வேளைக்கே வந்து முன் கதிரையில் இருந்தார். ஸ்கிளேற்றரின் கதையில் வந்த லெமூரின் உறவுக்காரன் எங்கள் வன்னிக் காட்டுத் தேவாங்குதான் என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டம் முடிய மறுபடி படலையடியில் சைக்கிளோடு நின்றார்.

“பிள்ளை, சிம்பன்சியை நான் ஒத்துக்கொள்ளேல்லை. அது வேற. ஆனா தேவாங்கை நான் சின்ன வயசில முறிகண்டிப் பக்கம் கண்டனான். ராத்திரி, லாம்பு வெளிச்சத்தில, ரெண்டு கையாலயும் கொப்பைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்தது. மனுசர் மாதிரி விரல். அதின்ர படம் ஒண்டு இருக்கே?”

அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.